பெட்டிக்குள்ள போன கீபோர்டு

என் தங்கமே ஜான்சி,

உன் பெட்டியை மூடின அன்னிக்கு யார் யார் நின்னாங்கன்னு சொல்றேன், கேட்டுக்கோ. தலைமாட்டுல உன் அம்மா பிலோமினா, என் மக. கால்மாட்டுல உன் மாமன் அருளப்பன், நான் பெத்த மூத்தவன். பக்கத்துல அவன் பொண்டாட்டி ரோசி, புதுக் கைக்குட்டையோட. ஜெபம் சொன்ன உபதேசியார் லூர்து. என்கூட உப்பு வாரின எல்லம்மா. கோட்டக்குப்பத்துல இருந்து உன் ஹாஸ்டல் கூட்டாளி நசீமா. அப்புறம் நான். நான் எதையும் மறக்கறவ இல்லன்னு உனக்குத் தெரியும்.

காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவளை இப்படியா கொண்டாருவாங்க?

இதைப் படிக்கிறவங்களுக்கும் தெரியட்டும், உன்கூடப் பெட்டிக்குள்ள போன அந்த கீபோர்டு எதுக்குன்னு. உப்பளத்துல தேஞ்ச விரலு என்னுது. போன் கண்ணாடியைத் தொட்டா அது என்னை ஆளாவே மதிக்காது. வாயால பேசி அனுப்பு ஆயான்னு நீ சொன்ன. எனக்குக் காது மந்தம். மெதுவா பேசறதா நெனச்சி நான் பேசறது தெருக்கோடி வரைக்கும் போவுது. ரோசியைப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னா ரோசி முன்னாடியேதான் சொல்லணும். மகன் வீட்டுல எனக்குச் சோறு இருந்துச்சி. எனக்குன்னு ஒரு பேச்சு இல்ல.

அதுக்குத்தான் நீ கீபோர்டு செய்ய உட்கார்ந்த. பலகையை அறுத்து, பட்டன் பட்டனா வாங்கி, அடியில வயரை ஈயம் வெச்சி ஒட்டின. முதல்ல செஞ்சதை நம்ம ஊரு உப்புக்காத்து ஒரே மழைக்காலத்துல தின்னுடுச்சி. கம்பியெல்லாம் பச்சை பூத்துப் போச்சி. மரக்காணத்துல எந்தச் சாமான்தான் தங்குது? மறுபடி செஞ்சப்போ ஈயம் வெச்ச இடத்துக்கெல்லாம் நகப்பாலிஷ் பூசின. வீடே கல்யாண வீடு மாதிரி மணத்துச்சி.

கடையில விக்கிறது மாதிரியா இருந்துச்சி அது? வலது கையில எனக்கு ரெண்டு விரல் மடங்கியே கிடக்குதுன்னு எல்லாப் பட்டனையும் இடது கைக்கு எட்டறாப்பல பிறை மாதிரி வளைச்சி வெச்ச. எழுத்தும் நான் சொன்ன இடத்துல. உன் பேருல இருக்கிற எழுத்தெல்லாம் கட்டை விரல்கிட்ட வைன்னேன். உன் மாமன் பேருல இருக்கிறதெல்லாம் எட்டாத தூரத்துல தள்ளுன்னேன்.

நீ விழுந்து விழுந்து சிரிச்ச. "ஆயா, ப-வை தூரத்துல வெச்சா உன்னால யாரையும் திட்டவே முடியாது."

"அப்ப ள-வை மட்டுமாவது மூலையில தள்ளு"ன்னேன். தள்ளின.

அமுக்கினா டக்குனு ஒரு சத்தம். அமுங்கிடுச்சின்னு விரலுக்கே தெரியும். வயரைப் போன்ல சொருகி நான் மொத மொத உனக்கு அனுப்பினது என்னன்னு ஞாபகம் இருக்கா? இன்னிக்கு மீன் குழம்புல உப்பு இல்ல, உப்பளத்துக்காரன் வீட்டுல. நீ சிரிக்கிற படமா அனுப்பின. அதுக்கப்புறம் தினம் எழுதினேன். என் மூஞ்சியில இருந்த சிரிப்பைப் பார்த்தே அருளப்பனுக்கு எரிச்சல். இந்தக் கெழவி என்ன ஊர் வம்பெல்லாம் தட்டி அனுப்புதுன்னு என் காதுபடவே கேட்டான். ஆக, அது யாருதுன்னு அவனுக்குத் தெரியும். இதை நல்லா கவனி.

கடைசியா வந்தப்போ ஒரு பட்டன் ஒட்டிக்கிச்சின்னு ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போன. உன் துணிமணியோட அதையும் நசீமா கொண்டாந்தா. இது அவ ஆசையா செஞ்சதுன்னு சொல்லி அழுதா. நம்ம வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? பிரியமான சாமானைப் பெட்டியில வெச்சி அனுப்புவோம். உன் தாத்தாவுக்கு மூக்குப்பொடி டப்பா வெச்சோம். உபதேசியார் வைங்கன்னாரு. அருளப்பன் வாங்கி உன் கைக்குக் கீழ வெச்சான்.

நான் சொன்னேன்: "டேய், அது என்னுதுடா."

ஒருதரம் இல்ல, தொண்டை கிழியச் சொன்னேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் கண்ணை நேரா பார்த்தான். அப்புறம் எல்லம்மாகிட்ட, "அம்மாவுக்குப் புத்தி கலங்கிடுச்சி, உள்ள கூட்டிட்டுப் போங்க" அப்படின்னான். மூடி விழுந்துச்சி.

இப்போ வீட்டு சேதி. குழம்புல இன்னும் உப்பு இல்ல. நான் யாருகிட்டயும் பேசறதில்ல, யாரும் கேட்கறதும் இல்ல. போன் அலமாரியில கிடக்குது. நசீமா வந்தா. எழுத்து எது எது எங்க இருந்துச்சின்னு சொல்லு ஆயா, நான் ஒண்ணு செஞ்சி தர்றேன்னா. எல்லாம் ஞாபகம் இருக்குது. ஆனா யாருக்கு அனுப்பறது கண்ணுன்னு கேட்டேன்.

கல்லறையைத் தோண்டச் சொல்லி நான் கேட்கமாட்டேன், பயப்படாத. இதைக் கட்டைப் பென்சிலாலதான் எழுதறேன். மூணாங்கிளாஸ் எழுத்து, கோணலா ஓடுது. கோயில்ல மாசாமாசம் அச்சடிக்கிற மலர்ல போடச் சொல்லிக் கொடுக்கப் போறேன். மறைச்சிப் பேசத்தானே அந்த கீபோர்டு வேணும்னு ஆசைப்பட்டேன். இனிமே ஊரே படிக்கட்டும். மாசத்துக்கு ஒரு கடுதாசி உனக்கு எழுதுவேன், இது சத்தியம்.

எல்லாரையும் மன்னிக்கணும்னு ஃபாதர் சொல்றாரு. சரின்னுட்டேன். நசீமாவை மன்னிக்க ஒண்ணுமே இல்ல. உபதேசியாரை மன்னிச்சேன். என்னைப் பிடிச்சி இழுத்த எல்லம்மாவை மன்னிச்சேன். ரோசியைக்கூட மன்னிச்சேன்னு எழுதிக்கோ. தெரிஞ்சேதான் வெச்சேன்னு தன் வாயால சொல்ற வரைக்கும் ஒருத்தனை மட்டும் மாட்டேன். அவன் அருளப்பன்.

உன் அம்மாவைப் பெத்தவ,
உன் ஆயா