வயிற்றில் ஒன்றுமில்லை

பிப்ரவரி 9, ஞாயிறு

குணா மத்தியானமே கடையிலிருந்து வந்துவிட்டாள். முகூர்த்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஆரணிப் பட்டுக்கடையில் யாரும் பாதியில் கிளம்ப மாட்டார்கள். கேட்டதற்குத் தலைவலி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள். ஆற்காட்டிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குப் புடவையைத் தன்மேல் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாளாம். அந்த அம்மா எழுந்து தன் நாற்காலியை இவள் பக்கம் தள்ளி, "மாசமா இருக்கிற பொண்ணு ஏம்மா நின்னுகினு இருக்க, உக்காரு" என்றாளாம்.

"நீ இன்னா சொன்ன?"

"உக்காந்தேன்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். டெஸ்ட் டியூப் குழந்தைக்கு மூன்று தடவை பார்த்தும் தங்கவில்லை. அந்த ஊசிகளுக்கு அப்புறம்தான் வயிறு இப்படி முன்னால் வந்தது என்கிறாள். எனக்கு என்ன தெரியும். காலையில் நடக்கிறாள், சோற்றைக் குறைத்துவிட்டாள். முகம்தான் ஒடுங்கியது.

பிப்ரவரி 12

போனில் எதையோ பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் பக்கத்தில் போனால் கவிழ்த்து வைக்கிறாள்.

பிப்ரவரி 20

இன்று அவளே காட்டினாள். லைபோசக்‌ஷன். வயிற்றுக் கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பது. "வேலூர்ல செய்றாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம். கூட வந்தா போதும்."

எனக்கு நீ இப்படியே இருந்தால் போதும் என்றேன்.

"உங்கள யாரும் எத்தினி மாசம்னு கேக்கறதில்லயே."



மார்ச் 3, திங்கள்

லீவு போட்டுவிட்டு வேலூர் போனோம். பெண் டாக்டர். வயிற்றை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். கையில் பிடிபடுகிற கொழுப்பு மட்டும்தான் வருமாம், உள்ளே குடலைச் சுற்றி இருப்பது வராது. எடை குறைக்கிற வைத்தியம் இல்லை இது, தளர்ந்த தோலும் இறுகாது என்றார். குணாவுக்குத் தோலுக்கடியில்தான் அதிகம், செய்யலாம். ரத்தம் கட்டிக்கொள்ளலாம், நீர் கோக்கலாம், மேடு பள்ளமாக ஆகலாம். அபூர்வமாக உயிருக்கே ஆபத்து வரலாம். எதையும் மறைக்கவில்லை.

கடைசியாகக் கேட்டார். "குழந்தை பெத்துக்கற யோசனை இருக்கா? இருந்தா அது முடிஞ்ச பிறகு செய்யறது நல்லது. கர்ப்பமானா வயிறு திரும்பவும் மாறும்."

நான் வாயைத் திறந்தேன். ஜூன் மாதம் சென்னைக்குப் போய் இன்னொரு தடவை டெஸ்ட் டியூப் செய்து பார்க்கலாம் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

"இல்லீங்க டாக்டர். அது முடிஞ்சிபோச்சி" என்றாள் குணா.

முடிஞ்சிபோச்சா? எப்போ? யாரைக் கேட்டு? எனக்குத் தெரியாம எப்படி முடிஞ்சுது?

பஸ் கண்ணமங்கலம் தாண்டியது. அப்புறம் அவள், "கோவமா?" என்றாள். இல்லை என்றேன். கோபமில்லை. அது என்னவென்று இப்போதும் எழுதத் தெரியவில்லை.

மார்ச் 4

கரண்ட் லைனில் வேலை. இரண்டு தடவை தப்பான கம்பத்துக்குப் போனேன்.

ஏப்ரல் 9, புதன்

வேலூரில் ஆபரேஷன். எட்டரைக்குக் குணாவை உள்ளே அழைத்துப் போனார்கள். அதற்கு முன் நிற்க வைத்து, வயிற்றில் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டார்கள். ஊர் வரைபடம் மாதிரி இருந்தது. நான் கம்பத்தில் ஏறுகிறவன். ஒரு இடத்தில் உட்கார்ந்து காத்திருக்கத் தெரியாது. பதினொன்றே காலுக்கு நர்ஸ் வந்து நல்லபடி முடிந்தது என்றார். யாருக்குப் போன் செய்து சொல்வது? யாரிடமும் சொல்லவில்லையே.

ஏப்ரல் 11

வீட்டுக்கு வந்தாயிற்று. சின்னத் துளைகள்தான். அதிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிந்து விரிப்பு நனைகிறது. இது சகஜம் என்று தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள். இறுக்கமான பெல்ட் ஆறு வாரம். காலில் ரத்தம் உறையாமலிருக்க அவ்வப்போது நடக்க வேண்டும். கூடத்துக்கும் வாசலுக்கும் நடத்திக் கூட்டிப் போகிறேன். வீக்கத்தில் வயிறு முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அவள் அதைப் பார்க்காமல் நடக்கிறாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வெம்பாக்கத்திலிருந்து அக்கா சொல்லாமல் வந்துவிட்டாள். கட்டிலில் குணா. தொளதொளத்த நைட்டி, மேடிட்ட வயிறு. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்கிறேன். அக்கா வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தாள்.

"ஏண்டா அன்பு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா! படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டிகினே இருந்தேன். கண்ணத் தொறந்துட்டா பாரு!"

அழுதுகொண்டே குணாவின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குணாதான் சொன்னாள். "அண்ணி, வயித்துல ஒண்ணும் இல்ல. கொழுப்ப எடுத்துகினு வந்திருக்கேன். வீக்கம்."

அக்காவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கஞ்சியை என் கையிலிருந்து வாங்கி, "ஆறிப்போச்சி" என்று சொல்லிச் சூடு செய்யப் போனாள். அடுப்படியில் ரொம்ப நேரம் இருந்தாள்.

ஏப்ரல் 25

தொப்புளுக்கு இடப்பக்கம் நீர் கோத்துவிட்டது. தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்புகிறது. வேலூரில் ஊசியால் எடுத்தார்கள். குணா என் கையைப் பிடிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மே 2

திரும்பவும் நீர். திரும்பவும் ஊசி. நான் என்ன செய்யட்டும்?

ஜூன் 22, ஞாயிறு

வயிறு வற்றியிருக்கிறது. இடப்பக்கம் லேசாக ஒரு பள்ளம். முழுசாகத் தெரிய ஆறு மாதமாகும் என்கிறார் டாக்டர். தோல் இன்னும் மரத்திருக்கிறது. "கொசு கடிச்சாகூடத் தெரியல" என்றாள். ஒரு வாரமாகக் கடைக்குப் போகிறாள்.

சாயங்காலம் வந்து, "இன்னிக்கும் யாரும் எத்தினி மாசம்னு கேக்கல" என்றாள். சந்தோஷம் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இனிமே கேக்கவே மாட்டாங்க, இல்ல?"

அவ்வளவுதான். அப்புறம்தான் அழுதாள். ஆபரேஷனில், ஊசியில், அக்கா வந்தபோது, எதிலும் அழாதவள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகைத் தடவுவதற்குக்கூட எந்த இடம் வலிக்கும் என்று தெரியவில்லை. ஜூன் மாதத்துச் சென்னைப் பேச்சை அவளிடம் எடுக்கவேயில்லை. இனி எடுக்க மாட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆபீசில் மருத்துவக் காப்பீட்டுக்குப் புதுப் படிவம் கொடுத்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர் அன்பழகன், பதவி வயர்மேன், மனைவி பெயர் குணசுந்தரி. அதற்குக் கீழே குழந்தைகள். இந்த மாதிரிக் கட்டத்தை நான் எப்போதும் வெறுமனே விட்டுவிடுவேன். இன்றும் விட்டுவிட்டுத் தாண்டினேன்.

குணா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பேனாவை வாங்கி, என் தோள்மேல் குனிந்து, அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அழகான கையெழுத்து.

"அடுத்தது ரத்த வகை. உங்களுக்கு பி பாசிட்டிவ்தான?" என்றாள்.

ஆமாம் என்றேன்.