தலைகீழாய் வைத்த துண்டு

மார்ச் 3

அன்புள்ள அம்மா,

இல்லை, இது சூதாட்டம் இல்லை. ஊகம்தான், ஆனால் காரணத்தோடு.

முப்பது கோடி வருஷத்துக்கு முன் இங்கே கடல். இரண்டு கண்டங்கள் நெருங்கின. கடலின் தரை ஒரு கண்டத்துக்கு அடியில் புகுந்தது. ஆழத்தில் பாறை உருகி மேலேறியது. அதிலிருந்து பிரிந்த கொதிநீர் விரிசல்களில் செம்பை விட்டுப்போனது. அந்தச் செம்பின் கீழ்ப்பாதியைத்தான் உங்கள் காலத்தில் தோண்டித் தீர்த்தீர்கள். மேல்பாதி? நிலம் மறுபடி இழுபட்டுப் பிளந்தபோது, பிளவின் சரிவிலேயே வழுக்கிப் போய்விட்டது.

எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. பிளவைத் தொட்ட துளை ஒன்றே ஒன்று. உங்கள் காலத்தில் போட்ட பதினேழாம் துளை. அதிலிருந்து எடுத்த உருளைக் கற்களை நீதான் பெட்டியில் அடுக்கியிருக்கிறாய். அந்தக் கற்களில் பிளவு கிழக்கே சாய்கிறது. ஆக, புதுத் துளைக்குக் கிழக்கே முளை அடித்துவிட்டேன். திங்களன்று இயந்திரம் வருகிறது.

மேலாளர் சொல்லிவிட்டார்: “இதுதான் கடைசித் துளை. ஒண்ணும் வரலைன்னா மூட்டையைக் கட்டிட வேண்டியதுதான்.”

துளைக்காரர் சிரித்தார். “ஸ்கேல் அக்கா அடுக்கின பெட்டியா? கண்ணை மூடிட்டு நம்பலாம்மா.”

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன் மகள்


மார்ச் 7

என் கல்லுப்பொறுக்கிக்கு,

முதலில் துளையை நிறுத்து. பிறகு வந்து மீதியைப் படி.

போனில் சொல்ல வாய் வரவில்லை. சுரங்க லாரி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பதினேழாம் துளையின் பெட்டி ஒன்று என் கை தவறி விழுந்தது. நீ வயிற்றில் எட்டு மாதம். சொன்னால் வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். சொல்லவில்லை. கற்களைப் பொறுக்கி அடுக்கினேன். ஒரு துண்டில் மட்டும் எது தலை, எது கால் என்று தெரியவில்லை. பிளவு சாய்வாக வெட்டிய துண்டு அது. ஏதோ ஒரு பக்கமாக வைத்து மூடினேன்.

அது தலைகீழாக இருந்தால் உன் கிழக்கு மேற்காகிவிடும். அப்படித்தானே?

அளவு பிசகாதவள் என்று இருபத்தேழு வருஷம் ஸ்கேல் அக்கா என்றார்கள். நானும் நிமிர்ந்து நடந்தேன். யார் தவறு என்று கேட்டால் பூசி மெழுகாதே. என்னைச் சொல்.

அம்மா


ஏப்ரல் 21

அம்மா,

அந்தத் துண்டைத் திருப்பி வைத்தேன். அதில் ஒரு வெள்ளைக் கல் நரம்பு. இப்போது அது பக்கத்துத் துண்டுக்குள் அறுபடாமல் ஓடியது. இத்தனை பேர் பார்த்தும், உன் பெட்டி என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. நானும்.

“ஆதாரம்?” என்றார் மேலாளர். நரம்பைக் காட்டினேன். உன் கடிதத்தையும்.

இரண்டு முறை படித்தார். “இதையெல்லாம் எழுதணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து?”

“ஒண்ணுமில்ல சார். அதான் எங்கம்மா.”

முளையைப் பிடுங்கி மேற்கே அடித்தோம்.

நேற்று, நானூற்றுப் பன்னிரண்டாம் மீட்டர். கல்லில் மஞ்சள் மினுக்கம். செம்புத் தாது. இன்று மாலைவரை அறுபது மீட்டர், இன்னும் முடியவில்லை. துளைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்தார். “அக்காகிட்ட சொல்லியாச்சா? இல்ல, நான் சொல்லட்டா?”

அறிக்கையில் தவறு யாருடையது என்று எழுதினேன். திருத்தியது யார் என்றும் எழுதினேன். இரண்டு இடத்திலும் ஒரே பெயர். அதற்குக் கீழே, மகள் என்று போட்டு, என் கையெழுத்து.

உன் மகள்

பின்குறிப்பு: சனிக்கிழமை இங்கே வரும் பேருந்தில் உனக்கு ஜன்னலோரமாக ஓர் இடம் பதிவு செய்துவிட்டேன்.