விருந்தாளிக்கு வேறு அரிசி

அக்கா, அன்றைக்கு ஆலையில் இருந்தவர்களை இன்றைக்கும் என்னால் பெயர் சொல்லி நிறுத்த முடியும். நீங்கள். நான். உங்கள் மகன் ஜெரால்டு. அவன் மகள் ஸ்டெல்லா. பாய்லர் பார்க்கிற கோவிந்தசாமி. சமையலுக்குப் பாப்பம்மா. காலமெல்லாம் நம்மிடம் அரிசி எடுக்கிற கூத்தாநல்லூர் நூர்தீன் பாய். விருதுக்காக நம் ஆலையைச் சோதித்துப் பார்க்க வந்த கிருஷ்ணமூர்த்தி சார், அவரோடு வந்த வந்தனா என்கிற கண்ணாடி போட்ட பெண். கடைசியாக, யாரும் கூப்பிடாமலே கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கிய உங்கள் தம்பி லூர்துசாமி. மூட்டை தூக்கியவர்களையும் ஒவ்வொருவராகச் சொல்லுவேன். மடல் நீண்டுபோகும்.

இன்று விடியலில் வாசலுக்கு வந்தேன். சீரகச் சம்பா வாசனை அடித்தது. கேட் ஓரத்தில் யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவிழ்த்துப் பார்க்கத் தேவையில்லை, சாக்கு வழியாகவே மணந்தது. இன்று உங்கள் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. கோயிலிலிருந்து வந்ததும் எல்லோருக்கும் ஆலையில்தான் சாப்பாடு. இப்படிப்பட்ட நாளில் இந்த மூட்டையை யார் அனுப்பியிருப்பார் என்று எனக்கு ஒருவர் சொல்ல வேண்டுமா? வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள், தம்பியைக் கட்டிக்கொண்டு நான் வந்தேன். அவர்கள் இருவரும் போன பிறகு ஆலையை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள், உங்களை நான் பார்த்துக்கொண்டேன். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரத்தநாட்டுச் சாலையில் நம் ஆலை வருவதற்கு முன்னால் அதன் நாற்றம் வந்துவிடும். மாமனார் காலத்தில் நெல்லைத் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். தண்ணீர் புளித்து, நெல் புளித்து, அவித்து அரைத்த அரிசியும் சோறாகும்போது அந்த வாடையைக் கக்கும். பஸ்ஸில் வருகிற கண்டக்டர், “மூக்கு புடிக்கிற ஸ்டாப்பிங்லாம் எறங்கு!” என்று கூவுவார். முழு பஸ்ஸும் சிரிக்கும். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்குவேன். அந்தக் கண்டக்டர் பெயர் அருளப்பன். அவரை மறக்கவில்லை. பின்னாளில் நம்மிடமே அரிசி வாங்கித் தின்றார் என்பதால் விட்டுவிட்டேன்.

அந்த நாற்றத்தை ஒழித்தது நீங்கள். சுடுதண்ணீரில் ஊறல், நேரத்துக்குத் தண்ணீர் வடிப்பு, ஒவ்வொரு ஊறலுக்கும் தொட்டி கழுவல். தண்ணீரை வாய்க்காலில் விடாமல் தனிக் குழிக்குத் திருப்பினீர்கள். எல்லாவற்றுக்கும் மேல் அந்த மத்தியானப் பானை. அன்றைக்கு அரைத்த அரிசியில் ஒரு பானை பொங்க வேண்டும். முதலாளி வீடு, லாரி டிரைவர், மூட்டை தூக்குகிறவர், கணக்கு எழுதுகிற பெண், எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும். மூடியைத் திறந்ததும் வாடை வந்தால் அன்றைக்கு ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது.

“நம்ம வாயில வைக்க முடியாததை அடுத்தவங்க வாயில எதுக்குடி வைக்கணும்?” என்பீர்கள். அவ்வளவுதான் உங்கள் சட்டம்.

ஆனால் சோற்றை மோந்து பார்த்து யார் இப்போது அரிசி வாங்குகிறார்கள்? ஜெரால்டு அதைத்தான் சொன்னான். “சென்னைக் கடைக்காரங்க சர்டிபிகேட் இருக்கா, சான்று இருக்கான்னுதான் கேக்குறாங்கம்மா. பெரிய மில்லுங்களோட நம்மால முட்ட முடியாது. பேசாம மெஷினைக் கழட்டி வித்துட்டு கோடவுனுக்கு வாடகைக்கு விட்டுடலாம்.” வாடகைக்கு ஆள் கூடப் பார்த்து வைத்திருந்தான். அப்போதுதான் ஸ்டெல்லா போனில் அந்த விருதைக் காட்டினாள். நாடு முழுவதும் இருந்து மனுப் போடுகிறார்கள், சின்னத் தொழிலுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, தேறினால் டெல்லியில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்றாள்.

நீங்கள் மகனைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. “மனுப் போடுவோம் தம்பி. தெரிஞ்சவங்க வந்து பாக்கட்டும். இது உருப்படி இல்லன்னு அவங்க சொல்லிட்டா நானே பூட்டைப் போட்டு சாவியை உன் கையில குடுக்குறேன். நல்லாருக்குன்னு சொன்னா, நான் இருந்தாலும் இல்லாட்டியும் நீ கோடவுன் பேச்சை எடுக்கக் கூடாது.” அவனும் சரி என்றான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. உங்களுக்கு ஆலையை விட்டால் வேறு என்ன இருந்தது?

மனு எழுதிய கூத்து நினைவிருக்கிறதா? ஸ்டெல்லா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லுவாள். “அப்பாயி, உங்க தலைமை, தரத்தை எப்படி உறுதி செய்யுதுன்னு கேக்குறாங்க.”

“தலைமையா? யாரு அது?”

“நீங்கதான் அப்பாயி.”

“மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து எங்க அரிசியையே சாப்பிடுறோம்னு எழுது.”

“அப்பாயி, இது டெல்லிக்குப் போவுது.”

“டெல்லிக்காரங்க சாப்பிட மாட்டாங்களா? எழுதுடி.”

எழுதினாள். அடுத்த கேள்விக்கும் அதையே சொன்னீர்கள், அதற்கடுத்ததற்கும் அதையே சொன்னீர்கள். கடைசியில் அந்த மனு முழுக்கச் சோற்றுப் பானைதான் இருந்தது. அதைப் படித்துத்தான் அவர்களுக்கு வந்து பார்க்க ஆசை பிறந்தது என்று கிருஷ்ணமூர்த்தி சார் பிறகு சொன்னார்.

அவர்கள் வந்த அன்றைக்குக் காலை எல்லாம் நன்றாகத்தான் போனது. தொட்டிகளைப் பார்த்தார்கள். கோவிந்தசாமியிடம் எப்போது தண்ணீர் வடிப்பாய், எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அவன் கூச்சத்தில் பாய்லரையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். நூர்தீன் பாய், “வாடை வந்த லோடை இந்தம்மா ஒருநாளும் ஏத்தினதில்ல சார். பெருநாள் நேரத்துல என்னையே காக்க வச்சிருக்காங்க. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல” என்றார். வந்தனா அதைக் குறித்துக்கொண்டாள். நான் உங்களைப் பார்த்தேன். உங்கள் முகத்தில் லேசாகச் சிரிப்பு.

பிறகு மத்தியானம் வந்தது. நாம் தொட்டிப் பக்கம் நின்றிருந்தபோது லூர்துசாமி சமையல்கட்டுக்குள் போய்விட்டார் என்பது நமக்குத் தெரியாது. “டெல்லியிலேருந்து வந்தவங்களுக்குக் குண்டுகுண்டா புழுங்கலரிசியைப் போட்டா குடும்ப மானம் போயிடும். அக்காவே சொல்லிட்டாங்க, இதை வடி” என்று பாப்பம்மாவிடம் சீரகச் சம்பாவைக் கொடுத்திருக்கிறார். நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை. ஆபீஸ் அறையில் மேசை போட்டு, தலைவாழை இலை போட்டு, ஆட்களுக்கு மட்டும் பின்கட்டில் நம் பானையை வைக்கச் சொல்லியிருக்கிறார். பாப்பம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் பெரிய மனிதர் வந்தால் நம் ஊரில் எல்லோரும் செய்கிறதுதானே?

வந்தனா ஒரு வாய் வைத்தாள். நிறுத்தினாள். “அம்மா, இது சீரகச் சம்பா மாதிரி இருக்கே. நீங்க அரைக்கிறது புழுங்கலரிசிதானே?”



“உங்க ஆளுங்க எங்க சாப்பிடுறாங்க?” என்று கிருஷ்ணமூர்த்தி சார் கேட்டார்.

லூர்துசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “அவங்களுக்குப் பின்னாடி தனியா சார். வேற அரிசி. நாங்க அதெல்லாம் கலக்க விடுறதில்ல” என்றார்.

ஸ்டெல்லாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மனு முழுக்க ஒரே வரிசை, ஒரே பானை என்று எழுதியது அவள் கைதானே. ஒரு வாய்ச் சோற்றில் அத்தனையும் பொய்யாகிப் போனது. நீங்கள் மெல்ல எழுந்து நின்றீர்கள். “சார், நாங்க எழுதினது தினமும் நடக்குறது. இன்னிக்கு நடக்கல. விருந்தாளி வந்தா வீட்டுல இருக்கிறதை ஒளிச்சுட்டு வெளியில வாங்கிப் போடுற புத்தி எங்களுக்கும் இருக்கு. இப்ப நான் எதைச் சொன்னாலும் மழுப்புற மாதிரிதான் தெரியும். ஒருநாள் சொல்லாம வாங்க.”

“பாக்கலாம்மா” என்றார் அவர். மறுசோறு கேட்கவில்லை. மோரோடு எழுந்துவிட்டார். கார் போனதும் ஜெரால்டு களத்துப் பக்கம் போனான். கோடவுன்காரருக்குத்தான் போன் போட்டான். நானே கேட்டேன். உங்கள் தம்பி மிச்ச அரிசியை வீணாக்கக் கூடாது என்று கட்டி எடுத்துக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறினார்.

அந்த வாரத்திலேயே உங்களுக்கு நெஞ்சு வலி வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்கும் லூர்துசாமிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கு என்ன தெரியும்?

நீங்கள் அங்கே படுத்திருக்க, இங்கே பானை என் பொறுப்பாயிற்று. கோவிந்தசாமி தங்கை மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தான். மாற்றுக்கு வந்தவன் கரண்டு போனதும் தொட்டித் தண்ணீரை வடிக்காமல் விட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். அந்த நெல் அவிந்து, காய்ந்து, அரைத்து வந்த அன்றைக்கு மத்தியானம் பாப்பம்மா மூடியைத் திறந்தாள். எனக்கு அருளப்பன் கண்டக்டர் குரல் கேட்டது. அதே நாற்றம்.

நூர்தீன் பாய்க்கு லாரி பாதி ஏற்றியாகிவிட்டது. ஜெரால்டு மோந்து பார்த்தான். “சின்னம்மா, லேசாத்தான் இருக்கு. ஆறினா போயிடும். அம்மா ஆஸ்பத்திரியில இருக்கிற நேரத்துல பாய்கிட்ட வேற பேச்சு வாங்கணுமா?”

“எறக்குடா.”

“இது கடைசி லோடா இருந்தாலும் இருக்கும், சின்னம்மா.”

“கடைசி லோடு நாறிக்கிட்டா போவணும்? எறக்கு.”

முறைத்துக்கொண்டே நின்றவன், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே முதல் மூட்டையைத் தூக்கி இறக்கினான். அப்போதுதான் கேட்டில் கார் நின்றது. கிருஷ்ணமூர்த்தி சார், தனியாக வந்திருந்தார். ஆலை முழுக்க நாற்றம். லாரியிலிருந்து மூட்டை இறங்குகிறது. இருக்கிற ஒரே பானையில் இருப்பது அந்தச் சோறுதான். வேறு அரிசி வாங்கி வரக்கூட நேரமில்லை. நேரமிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

வரிசையில் உட்கார்ந்தார். போட்டேன். வத்தக்குழம்பு ஊற்றினேன். ஒரு வாய் வைத்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே அக்கா! ஆனாலும் விழுங்கினார். “ஏம்மா லாரியிலேருந்து எறக்குறாங்க?” என்றார்.

“உங்க வாயில இருக்கே சார், அதுனாலதான்.”

அவருக்குப் புரை ஏறிவிட்டது. பாப்பம்மா தண்ணீர் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சுற்றிலும் பார்த்தார். ஜெரால்டு, லாரி டிரைவர், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இலையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். போகும்போது, “அம்மாகிட்ட சொல்லுங்க, சொல்லாம வந்தேன்னு” என்றார்.

சாயங்காலம் உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் விருதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எவன்டி தண்ணியை வடிக்காதவன்?” என்றுதான் முதலில் கேட்டீர்கள். பிறகு, “நாத்தச் சோத்தையாடி போட்ட அந்த மனுஷனுக்கு?” என்று சிரிக்க ஆரம்பித்தீர்கள். நர்ஸ் வந்து நம் இருவரையும் அதட்டினாள். கட்டில் கால்மாட்டில் நின்றிருந்த ஜெரால்டு தரையைப் பார்த்தபடி, “குறுவை நெல்லுக்குப் பேசிட்டேம்மா” என்றான். அறுவடைக்கு வரப்போகிற நெல்லைப் பேசியவன் ஆலையைப் பூட்ட மாட்டான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டீர்கள். “அப்பாடா” என்றீர்கள். அந்த அப்பாடாவை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் போன பிறகு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் அதுதான் என்னைத் தாங்கிற்று. மனக்குறையோடு போகவில்லை நீங்கள்.

முதல் பரிசு நமக்கு வரவில்லை. அது யாரோ திருகாணி செய்கிற கம்பெனிக்குப் போனது. திருகாணியை யார் சாப்பிட்டுப் பார்த்தார்களோ! நமக்குப் பாராட்டுச் சான்று. ஸ்டெல்லா டெல்லிக்குப் போய் வாங்கி வந்தாள். கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டியிருக்கிறோம், உங்கள் படத்துக்குப் பக்கத்தில். சென்னைக் கடைக்காரர் ஒருவர் இப்போது நம் அரிசி எடுக்கிறார். கோடவுன்காரர் போன் செய்தால் ஜெரால்டு எடுப்பதில்லை.

காலையில் பாதியில் விட்ட மடலை இப்போது முடிக்கிறேன். பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். சீரகச் சம்பா மூட்டையைக் கோழிக்குப் போடலாமா என்று யோசித்தேன். அரிசி என்ன பாவம் செய்தது? கோயில் அனாதை விடுதிக்கு அனுப்பிவிட்டேன். இங்கே நம் பானைதான் பொங்கியது. மூடியை நான்தான் திறந்தேன். சுத்தமான ஆவி, நெல் வாசனை, வேறு எதுவும் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தினமும் அந்த ஒரு நொடிக்குப் பயப்படுகிறேன், தினமும் அது தீர்ந்துபோகிறது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது அதுதான்.

வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். தூங்கிப்போய்த் தண்ணீர் வடிக்காதவனும் இருந்தான். அவனை எப்போதோ மன்னித்துவிட்டேன். கோடவுன் பேசிய ஜெரால்டை மன்னித்துவிட்டேன். மறுசோறு கேட்காமல் போன கிருஷ்ணமூர்த்தி சாரையும் மன்னித்துவிட்டேன். வரிசைக் கடைசியில் ஒருவர் இலையை நகர்த்தி, “அரிசி நல்லாருக்கே, எங்க வாங்கினது?” என்று கேட்டு இரண்டாவது முறை சோறு வாங்கினார். உங்கள் முகத்துக்காக நிறையவே போட்டேன். ஆனால் உங்கள் தம்பியை மட்டும் மன்னிப்பதாக இல்லை.

லூர்துசாமி.