மாதாகோயில் மேட்டுக் காபர்னே

செப்டம்பர் 24

ரோட்டோரத் திராட்சைத் துண்டைப் பறித்து முடித்துவிட்டார்கள். எல்லாம் கில்லெமின் அவசரம். கொடி அவன் பொறுப்பு, ஒயின் என் பொறுப்பு. எப்போது பறிப்பது என்பதில்தான் வருடா வருடம் சண்டை.

"வெள்ளிக்கிழமை மழைன்னு சொல்றாங்க மைலிஸ். மாதாகோயில் மேட்டையும் நாளைக்கே பறிச்சிடலாம்."

மேட்டுப் பழத்தின் விதையைக் கடித்துப் பார்த்தேன். லேசாகக் கசந்தது, இன்னும் பழுக்கவில்லை.

"உன் ரோட்டோரத்துல பறிச்சதை வச்சு நீ கஷாயம் காய்ச்சிக்கோ. மேட்டுப் பக்கம் வந்துடாத."

அந்த மேட்டுக் காபர்னே திராட்சைதான் பதினோரு வருடமாக மோன்காயாக் எஸ்டேட்டின் முதல்தரமான பெரிய ஒயினுக்கு முதுகெலும்பு. போர்தோ ஒயின்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சரி, நான்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னால் என்ன? உண்மைதானே.

செப்டம்பர் 27

மழை.

செப்டம்பர் 28

இன்னும் விடவில்லை. கில்லெம் கோட்டை மாட்டிக்கொண்டு மேட்டைப் பார்க்கப் போனான். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 2

காற்று வந்தது, வெயிலும் வந்தது. மேட்டைப் பறித்தோம். அழுகலைப் பொறுக்கித் தள்ள எட்டுப் பேரை நிறுத்தி நானும் கூடவே நின்றேன். பழம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. எப்படி என்றேன் கில்லெமிடம்.

"பார்க்க நல்லாத்தான் இருக்கு தாயே. புளிக்கிற தொட்டிக்குள்ள போய் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

மதியம் கொடிச்சுள்ளி நெருப்பில் மாட்டிறைச்சி சுட்டார்கள். இந்தப் பக்கத்து வழக்கப்படி சூப்பின் கடைசி வாயில் ஒயினை ஊற்றித் தட்டோடு தூக்கிக் குடித்தேன். எதிரே முதலாளி மதாம் ரபியோனும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். நல்ல வருடம். நான் சொன்னால் நடக்கும்.

ஜனவரி 29

நாளை கலவை. ஒவ்வொரு துண்டின் ஒயினும் தனித்தனித் தொட்டியில் இருக்கிறது. எந்தத் தொட்டி பெரிய ஒயினுக்குப் போகிறது, எது இரண்டாம் ஒயினுக்கு இறங்குகிறது என்று முடிவாகும். கிண்ணத்தில் எண் மட்டும்தான் இருக்கும். மதாம், கில்லெம், நான் மூன்று பேரும் ருசித்து எழுதிய பிறகே பட்டியலைத் திறப்போம். ஆசை நாக்கைக் கெடுத்துவிடும் என்று மதாமுக்குப் பாடம் எடுத்து இந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான்.

ஜனவரி 30

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

பன்னிரண்டு கிண்ணங்கள். நான்காம் எண்ணை வாயில் வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு உறுதி. வழக்கம்போலத் துப்பிய பிறகும் வெகுநேரம் நாக்கை விட்டுப் போகவில்லை. வந்துட்டாடி என் மேட்டுக்காரி என்று மனசுக்குள் கொண்டாட்டம். ஏழாம் எண் முதலில் இனித்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. மழையைக் குடித்த பழம். 'இரண்டாம் ஒயினுக்கு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு வேற!

மதாம் பட்டியலைத் திறந்தார். நான்கு, ரோட்டோரம். ஏழு, மேடு.

கில்லெம் சந்தோஷத்தில் குதிப்பான் என்று நினைத்தேன். அவன் முகம்தான் முதலில் வாடியது. "எண்ணு மாறியிருக்கும். திரும்ப ஊத்துங்க" என்றான். ஊற்றினார்கள். திரும்பவும் அதே நான்கு, அதே ஏழு.

"மேடு இல்லேன்னா பெரிய ஒயின்ல மூணுல ஒரு பங்கு பாட்டில் குறையும் மைலிஸ்" என்றார் மதாம், மெதுவாக.

"கலந்துடு" என்றான் கில்லெம். "பதினோரு வருஷமா இருக்கறது. யாருக்குத் தெரியப்போகுது?"

"நீயும்தானே குடிச்ச. உனக்குத் தெரியலையா?"

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். நாளை பார்க்கலாம் என்று மதாம் எழுந்துவிட்டார்.

ஜனவரி 31

எதற்காகக் காத்திருந்தேன்? விதை கசந்தது என்பது பாதிதான் உண்மை. கில்லெம் சொல்லி நான் கேட்பதா என்ற திமிர்தான் மீதி. அவன் ரோட்டோரப் பழத்தின் விதையை ஒரு தடவையாவது கடித்துப் பார்த்தேனா? இல்லை. அது முன்னாலேயே பழுத்திருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். வெட்கமாக இருக்கிறது.

மேடு சேர்த்து ஒரு கலவை, சேர்க்காமல் ஒன்று. இரண்டையும் எண் போட்டு மூவருக்கும் கொடுத்தேன். மூன்று பேரும் எழுதியது சேர்க்காததைத்தான்.

மதாம் தாளை மடித்துவைத்தார். "மேட்டை இறக்கிடுங்க" என்றார். குழாயை நானே மாட்டினேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. கில்லெம் பக்கத்திலேயே நின்றான். கிண்டல் செய்வான், செய்வான் என்று பார்த்தேன். செய்யவில்லை, பாவி.

பிப்ரவரி 16

கலவை பீப்பாய்க்குப் போய்விட்டது. தினமும் ஒரு வாய் பார்க்கிறேன். கோபம் வரும் அளவுக்கு நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 3

தரகர்களும் வியாபாரிகளும் புது ஒயினை ருசிக்க வந்தார்கள். தரகர் கஸ்தான்யேதான் முதலில் வாய் திறந்தார். இந்தப் பக்கத்தில் அவருடைய நாக்குக்கு எல்லோரும் பயப்படுவார்கள். கண்ணை மூடிச் சுழற்றி, துப்பிவிட்டுச் சொன்னார்: "மைலிஸ், இது உன் மாதாகோயில் மேடேதான். எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

சுற்றிலும் தலைகள் ஆடின. மதாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கில்லெம் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"மேடு இதுல ஒரு சொட்டுகூட இல்லைங்க" என்றேன். "காத்திருந்து நான் கெடுத்துட்டேன். நீங்க குடிக்கிறது ரோட்டோரம். மழைக்கு முன்னாடியே இவன் பறிச்சது. வேணாம்னு சண்டை போட்டவ நான்."

கஸ்தான்யே இன்னொரு வாய் எடுத்தார். இந்தத் தடவை துப்பவில்லை. கில்லெமைப் பார்த்து, "எந்தத் துண்டு அது?" என்றார். அவன் இங்கே வேலை பார்க்கும் இருபது வருடத்தில் தரகர் ஒருவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"வாங்க, காட்டறேன். சேறா இருக்கும், ஷூவைப் பார்த்துக்குங்க."

எல்லோரும் கிண்ணத்தோடு அவன் பின்னால் போனார்கள். வாசலில் நின்று பார்த்தேன். ரோட்டோரத்தில் குனிந்து மண்ணை அள்ளிக் காட்டி, கை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

உள்ளே வந்து எனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். பதினோரு வருடத்தில் நான் செய்த ஒயின்களிலேயே இதுதான் ஒசத்தி. நாளைக் காலையில் கொடியைப் பார்க்க ரோட்டோரத்துக்குப் போகவேண்டும். அவன்தான் வரச்சொல்லியிருக்கிறான்.