அக்காவின் புள்ளிகள்

ஆடி 4, சனி

இதனால் தென்காசி வட்டாரத்துச் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது: இன்று காலை எங்கள் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டர், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் மாலிஷ் கடையின் எல்இடி போர்டோடு பேசியது. பேச வைத்த மகான் நானே.

கடை என் கூட்டாளி இசக்கியின் அப்பாவுடையது; எழுத்து ஏற்றித் தரச் சொல்லி இசக்கி போர்டை எங்கள் வீட்டுக்கே தூக்கி வந்திருந்தான். போர்டின் யுஎஸ்பி அடாப்டரை மாட்டினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும். அடுத்த நொடியே கைவிட்டுவிடும். கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் பதிவுகளைப் படித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு புரோகிராம் அடாப்டரைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயரில் ஓர் உயிரெழுத்துகூட இல்லை. பெயரிலேயே உயிரில்லாததற்கு உயிர் எதற்கென்று அழித்துவிட்டேன். போர்டில் "சொட்டைத் தலைக்கு எண்ணெய் பாதி போதும்" என்று ஓடியது.

"ஏலே, நீ புலிலே!" என்றான் இசக்கி. தெரு முழுக்கப் பீற்றினேன்.

சாயங்காலம் அக்கா படிக்க உட்கார்ந்தாள். அவளுக்குக் கண் தெரியாது. கம்ப்யூட்டரில் இருப்பது பிரெயில் பட்டையில் புள்ளிகளாக எழும்ப, விரலால் தடவிப் படிப்பாள்.

"ஏலே, ஒரு புள்ளிகூட எந்திரிக்க மாட்டேங்கு. நாளைக்கு பேங்க் பரீட்சைல்லா?"

நான் அழித்தது அந்தப் பட்டைக்கு எழுத்து அனுப்பும் புரோகிராம். போர்டின் அடாப்டரையும் பிரெயில் பட்டை என்று நினைத்துத்தான் அது பிடித்திருக்கிறது.

அதைத் திரும்பப் போட்டேன். புள்ளிகள் எழும்பின. அடாப்டரைக் கம்ப்யூட்டர் மறுபடி கைவிட்டது.

"நீ இருக்கப்போய் தப்பிச்சேம்லே," என்று அக்கா என் தலையைத் தடவினாள்.

அழித்ததே நான்தான் என்று சொல்லாமல், ஆமாம் என்று தலையை ஆட்டித் தொலைத்தேன். அவள் கை அப்போதும் என் தலையில்தான் இருந்தது.