பதினேழாம் கல்லுக்குக் கிழக்கே

மார்ச் 4

இன்று மூன்று எல்லைக் கற்கள். பதினைந்து, பதினாறு, பதினேழு. வெயில் மண்டையைப் பிளந்தது.

புது மாகாண எல்லை இந்த ஊரைச் சரிபாதியாக வெட்டிக்கொண்டு போகிறது. குடிதண்ணீர் பம்ப் நிலையம் மேற்கே, மயானம் கிழக்கே. நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது கடை வாசலில் நின்ற ஒருவர் எங்கள் காதுபடவே சொன்னார்: "உசுரோட இருக்கறவன் தண்ணிக்கு அந்தப் பக்கம் ஓடணும். செத்தவன் இந்தப் பக்கம் வரணும். நல்லாத்தான் பிரிச்சிருக்காங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

பம்ப் ஆபரேட்டரை ஊரே பம்ப்பண்ணன் என்று கூப்பிடுகிறது. நிழலில் பெஞ்சு போட்டுக் கொடுத்த மனிதர், பதினேழாம் கல்லுக்குக் குழி தோண்டியதும் ஓடிவந்தார். "மேடம், இதுக்கு நேர் கீழ மெயின் பைப்பு போகுது. ரெண்டடி தள்ளி நடுங்களேன்."

எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். வரைபடத்தில் இருப்பதைத்தான் தரையில் நட முடியும். மனு கொடுங்கள் என்றேன்.

"கோடு போட்டவருக்குப் பைப்பு இருக்கறது தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே மேடம்" என்றார்.

கல்லை நட்டோம்.

மார்ச் 9

கடைத்தெருவில் கல்லெறி. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. போன வருடம் வரை ஒரே தெருக்காரர்கள். இன்று 'மேற்கத்தியான்', 'கிழக்கத்தியான்' என்று புது வசவு. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு இரண்டு மாகாணப் போலீஸும் சேர்ந்து அங்கே முகாம் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 16

நான்கு கற்களைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். இரண்டு வார உழைப்பு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்னவோ நான் பெற்ற பிள்ளைகள் மாதிரி.

முகாமுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "காலையில யாரையாவது பார்த்தீங்களா மேடம்?"

"பம்ப் ஆபரேட்டரைப் பார்த்தேன்."

"எங்க?"

"பதினேழாம் கல்கிட்ட. கையில கடப்பாறை இருந்தது."

அத்தனையும் உண்மை. பார்த்தேன்தான். கல் சாய்ந்து கிடந்தது. அவர் குழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, உடைந்த பைப்பை அடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரை நான் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்கவும் இல்லை.

மார்ச் 18

பம்ப்பண்ணன் செத்துவிட்டார். முகாமில் வைத்து. நெஞ்சுவலி என்கிறார்கள்.

மார்ச் 19

குழாயில் தண்ணீர் வரவில்லை. திறந்துவிட ஆள் இல்லை.

ஏப்ரல் 2

வீடு வந்து ஒரு வாரம். அக்கா சமையலறையில் குழாயைத் திறந்தால் நான் எழுந்து முன்னறைக்குப் போய்விடுகிறேன். இன்று கவனித்துவிட்டாள். "என்னடி, தண்ணியைக் கண்டு நாய் கடிச்சவ மாதிரி ஓடற?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பைப்பு உடைஞ்சதை ஏன் சொல்லல?"

"அவர் கேட்கலக்கா."

"கடப்பாறையை மட்டும் கேட்டாரா?"

இல்லை. அதையும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மே 11

கனவில் வந்தால்கூடப் பரவாயில்லை. பட்டப்பகலில் வருகிறார். பஸ்ஸில் முன் ஸீட்டில் உட்கார்ந்திருப்பவரின் பிடரி அவருடையதுதான். இறங்கும் வரை கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் திரும்பினார். வேறு யாரோ. 'என்ன?' என்பதுபோல் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

மே 30

இன்றும்.

ஜூலை 6

அலுவலகத்தில் கோப்பு வந்திருக்கிறது. பம்ப்பண்ணன் சாவு பற்றி அவர் மனைவி கொடுத்த புகாரை இரண்டு மாகாணங்களும் பந்து மாதிரி தட்டி விளையாடுகின்றன. பள்ளிக்கூடம் எங்கள் எல்லையில் இல்லை என்கிறது கிழக்கு. எங்கள் எல்லையிலும் இல்லை என்கிறது மேற்கு. விழுந்த பதினேழாம் கல்லைப் போலீஸ்காரர்கள் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் திரும்ப நட்டுவிட்டார்களாம். அதை வைத்துப் பார்த்தால் கோடு வகுப்பறை நடுவிலேயே ஓடுகிறது. ஒரு மனிதன் செத்த இடத்துக்கு மாகாணமே கிடையாது!

உண்மையில் எந்தப் பக்கம் என்று அளந்து சான்று தரச் சொல்லி எங்கள் துறையைக் கேட்டிருக்கிறார்கள். நட்டவள் நான். நான்தான் போக வேண்டும்.

துணை இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அந்த இடத்துல எல்லை தெளிவா இல்லைன்னு எழுதிடுங்கம்மா. யாருக்கும் வம்பில்ல. உங்க வாக்குமூலத்துலதான் அந்த ஆளைப் பிடிச்சாங்கன்னு தெரியும்ல? கேஸ்னு வந்தா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவாங்க."

தெரியும் சார்.

ஜூலை 20

அளந்தேன். என் பழைய கள ஏட்டில் இருந்த தூரங்களை வைத்துக் கல்லின் முதல் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடம் முழுவதும் கோட்டுக்குக் கிழக்கே. பதினொரு மீட்டர் உள்ளே. சந்தேகத்துக்கே இடமில்லை.

வகுப்பறைக்குள் போய் மூலைகளை அளக்க வேண்டியிருந்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கியிருக்கிறார்கள். கரும்பலகையில் பாதி அழிந்த ஒரு பெருக்கல் கணக்கு. அளவுநாடாவின் முனையைப் பிடிக்க ஆள் இருந்தான். ஆனாலும் அறையில் இன்னொருவர் இருக்கிறார் என்றே தோன்றியது. என் முதுகுக்குப் பின்னால், பொறுமையாக. நான் அளந்து முடிக்கட்டும் என்று.

வெளியே அவர் மனைவி நின்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேராகப் பார்த்தார். எப்படியோ சொல்லிவிட்டேன் — "அவர் பேரைச் சொன்னது நான்தான்மா."

"தெரியும்" என்றார். "ஊருக்கே தெரியும்."

"பைப்பு உடைஞ்சிருந்ததை நான் சொல்லல."

அது அவருக்குத் தெரியாது. முகம் மாறியதைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார். பார்த்தேன் என்றேன்.

"கல்லைப் புடுங்கறவர் இல்ல அவருன்னு நான் ஒருத்திதான் கத்திட்டிருந்தேன். பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னுட்டாங்க." பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "அளக்க வந்தீங்க. அளந்ததை எழுதுங்க. பார்த்ததையும் எழுதுங்க. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

ஜூலை 21

எழுதிவிட்டேன். பதினேழாம் கல்லுக்குக் கிழக்கே பதினொரு மீட்டர் என்று ஒரு தாள். மார்ச் பதினாறு காலையில் குழியில் தண்ணீர் பீறிட்டதையும், குழாய் கீழே போகிறது என்று பம்ப்பண்ணன் முன்பே என்னிடம் சொன்னதையும், அதை நான் விசாரணையில் மறைத்ததையும் தனித்தாளில். மறைத்தேன் என்ற சொல்லை எழுதப் பேனா வரவில்லை. 'குறிப்பிடவில்லை' என்று எழுதினேன். அடித்தேன். மறைத்தேன்.

துணை இயக்குநர் முதல் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார். இரண்டாவதைக் கிழக்கு மாகாண அரசுக்கு நானே தபாலில் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 14

இடமாற்றம். ஆவண அறைக்கு. களப்பணி இனி இல்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றாள் அக்கா. இன்னும் போகவில்லை அக்கா.

செப்டம்பர் 8

கிழக்கு மாகாணத்தில் வழக்குப் பதிவாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் கைது. சாட்சிகள் வரிசையில் முதல் பெயர் என்னுடையது.

நவம்பர் 3

சாட்சி சொன்னேன்.

இன்ஸ்பெக்டரின் வக்கீல் விடவில்லை. "தண்ணீர் பீறிட்டதைப் பார்த்தீங்க. குழாய் விஷயம் பன்னிரண்டு நாள் முன்னாடியே தெரியும். அப்புறம் ஏன் சொல்லல?" கோபத்தில் இருந்தேன் என்றேன். யார் மேல் என்றார். கல்லைப் பிடுங்கியவர்கள் மேல். "பம்ப் ஆபரேட்டர் மேலயா?" இல்லை என்றேன். "அப்ப அவர் பேரை ஏன் சொன்னீங்க?"

நீதிபதி சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

"அவர்தான் என் கண்ணுல பட்டார்" என்றேன். அதுதான் உண்மை. அதற்கு மேல் அதில் எதுவுமே இல்லை.

வெளியே வந்தபோது பம்ப்பண்ணன் மனைவி படியில் உட்கார்ந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார், "அடுத்த வாய்தா என்னிக்குன்னாங்க? எனக்குச் சரியா காதுல விழல."

இருபத்திரண்டாம் தேதி என்றேன்.

"காலையிலயா?"

"பத்தரைக்கு."

தலையாட்டினார். எழுந்து, கூட்டத்தோடு போய்விட்டார்.

இருபத்திரண்டுக்கு விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும்.