சுடாமல் முந்த ஒரு வழி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அக்கா, அவள் மகள் எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் சொல்கிறாய், ஆனால் அதைச் சொல்கிற குரல் எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால்தான் காகிதம் எடுத்தேன். போனில் கேட்டால் வேலை இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள். இதை எழுதுவதற்குள் எழுந்து எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருகிறேன், யாரும் வரப்போவதில்லை என்று தெரியும், கால் நிற்க மாட்டேன் என்கிறது.

நீ அனுப்பிய ஆள் போன வாரம் வந்தார், பழைய வீடியோ கேம் வாங்கிச் சேர்க்கிறவர். பைக்குள்ளிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டினாரோ இல்லையோ, என் பேத்தி அவருக்கு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள். உன் அலமாரி மேல்தட்டில் ஸ்வெட்டருக்கு அடியில் இருந்த பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சக்கரமே இல்லாத வண்டிகள் ஆகாயத்தில் பறந்துகொண்டே ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு பந்தயம் போகுமே, அந்தக் கேம். அதைப் போட்ட கம்பெனியே இப்போது இல்லையாம், உறை பிரிக்காத பெட்டி எங்கோ ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கிறதாம், அதற்குத்தான் அத்தனை விலையாம். நானும் விடவில்லை. ஒன்றை ஆடித் தேய்த்தான், இன்னொன்றை வாங்கிப் பிரிக்காமல் வைத்தான், அந்த வயதிலேயே என் பிள்ளைக்கு அந்தப் புத்தி, இன்றுவரை காற்றுகூடப் படவில்லை என்று அளந்தேன். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பெட்டியைக் கவிழ்த்ததும் தலை நின்றுவிட்டது. அடியில் உறையை பிளேடால் நூல் பிடித்த மாதிரி கீறி, மேலே டேப் ஒட்டியிருந்தது. என் தையல் டப்பாவில் டேப் ஏன் குறைந்துகொண்டே போனது என்று அப்போதுதான் புரிந்தது. பேத்தி தரையைப் பார்க்கிறாள், உன் அப்பா மின்விசிறியைப் பார்க்கிறார்.

நீ தேய்த்த டிஸ்க் சிக்கிச் சிக்கி ஓடாமல் போனதும், உன் அப்பா சவர பிளேடால் புதியதைத் திறந்திருக்கிறார். நான் மதியம் கண்ணயரும் நேரம் பார்த்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, தாத்தாவுக்கும் பேத்திக்கும் பந்தயம். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “இனிமே இது வெறும் கேம்தாம்மா” என்றார். உன் அப்பா மெதுவாக, “இதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சு?” என்று கேட்டார். அந்த மனிதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் வீட்டில் இப்படி அலமாரி அலமாரியாகப் பிரிக்காத பெட்டிதானாம், ஒன்றைக்கூட ஆடிப் பார்த்ததில்லையாம். பேத்தி சும்மா விடுவாளா, ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் திணித்து உட்கார வைத்துவிட்டாள். முதல் வளைவிலேயே போய் மதிலில் மோதினார், அங்கிள் கையுறை போட்டுக்கிட்டு ஆடுங்க, வழுக்காது என்கிறாள். அவள் விரல் போகிற வேகத்தை நீ பார்க்க வேண்டும், அப்படியே நீ, உன்னைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் பொருளைக் கெடுத்துவிட்டாரே என்று உன் அப்பாவோடு ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் என்னை அரிப்பது வேறு. அந்தப் பெட்டியைத் துடைக்கக்கூட நீ என்னை விட்டதில்லை. அக்கா கல்யாணத்தில் பண முடை வந்தபோது பைக்கை விற்றாயே தவிர அதை எடுக்கவில்லை. இப்போது இடத்தை அடைக்குது, வித்துடுங்க என்கிறாய். மேல்தட்டில் கிடக்கிற கையகலப் பெட்டி யார் இடத்தை அடைத்தது? அங்கே பிடித்த யோசனை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகிறது. வீடியோ காலில் பேசும்போது உன் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைக் காணோம், வெறும் சுவர் தெரிகிறது. வேலையில் இருக்க வேண்டிய நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிறாய், கேட்டால் லீவு என்கிறாய், எந்தக் கம்பெனியப்பா இத்தனை லீவு கொடுக்கிறது? வேலை போயிருந்தால் போயிற்று என்று சொல்லு, அதைக் கேட்டு நான் ஒன்றும் விழுந்துவிட மாட்டேன். தெரியாமல் இருப்பதுதான் என்னை வீட்டுக்குள் நடக்க வைக்கிறது. துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன் என்று அக்கா சிரிக்கிறாள், அவளுக்கும் உள்ளே பயம்தான். பிரித்த பெட்டிக்கும் டாக்டர் ஒரு விலை சொல்லிவிட்டுப் போனார், நான் கொடுக்கவில்லை. பணம் எதற்கு என்று நீ சொல்லு, அன்றைக்கே அவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறேன், போதாததற்கு நாங்கள் இல்லையா? பட்டினி மட்டும் கிடக்காதே, சமைக்கச் சலிப்பாக இருந்தாலும் ஏதாவது வயிற்றுக்குப் போடு.

அப்பா உன்னிடம் பேசக் கூச்சப்படுகிறார், பிளேடு போட்ட குற்றம். ஆனாலும் ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டினவர் இல்லையா, கேமிலும் யாரையும் சுட மாட்டேன் என்கிறார். “அவன் பாட்டுக்கு முன்னாடி போறான், அவனை எதுக்கு சுடணும்?” என்கிறார். பின்னால் வருகிறவனுக்கு ஒதுங்கி வழி வேறு விடுகிறார், எப்போதும் கடைசி, பேத்தி தலையில் அடித்துக்கொள்கிறாள். ஏதோ ஒரு பாதையில் சுரங்கம் முடிகிற வளைவில் ஒரு கறுப்பு வண்டி குறுக்கே நின்று மறிக்கிறதாம், அதைச் சுடாமல் முந்த ஒரு வழி இருக்கிறதா, இருந்தால் உனக்குத்தான் தெரியும் என்கிறார். போனில் சொன்னால் அவருக்கு ஏறாது, பக்கத்தில் உட்கார்ந்துதான் காட்ட வேண்டும், அதையும் யோசித்துக்கொள்.

நீ எங்கே இருந்தாலும் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையில்லாமல் நல்லா இருக்கணும், எடுத்ததெல்லாம் கைகூடணும். பெட்டி இப்போது மேல்தட்டில் இல்லை, டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பதில் எழுத மறக்காதே. அப்பா கேட்டதற்கு ஒரு வரி, நான் கேட்டதற்கு ஒரு வரி போதும். என்னுடையதை முதலில் எழுது.

நீ சொல்லும்வரை உட்கார மாட்டாத
உன் அம்மா